யாருமே நம்பாத பொய்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வருடம் ஒரு படம் வந்தது. எப்படிப்பட்ட படம் என்று பாதி சொன்னாலே உங்களுக்கு மீதி தெரிந்துவிடும். இரண்டு இளைஞர்கள், ஆளுக்கொரு கையில் மாவுக்கட்டு, கழுத்திலிருந்து தொங்கும் வெள்ளைத் துணி. கேமராவைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிறார்கள். கீழே செய்தி: செயின் பறிப்பு வழக்கில் தேடப்பட்ட இருவரும் பிடிபட்டார்கள், விசாரணையின்போது காவல் நிலையக் கழிப்பறையில் வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது, அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பிறகு நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தப்பட்டார்கள். குழுவில் ஒரே கொண்டாட்டம். "எந்தக் கம்பெனி டைல்ஸ்னு விசாரிங்கப்பா, நம்ம வீட்டுல போட்டுடாதீங்க" என்று மச்சான் ஒருவர் எழுதினார். அத்தை கைதட்டும் பொம்மை போட்டார். எப்போதும் காலை வணக்கம் மட்டும் அனுப்பும் பெரியப்பாகூட "சூப்பர்" என்றார்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துலயா பாத்ரூம் போனாங்க?" என்று நான் கேட்டேன். நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் நான்கு சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. எனக்கு உறுத்த ஆரம்பித்தது அங்கேதான். அந்தக் குழுவில் இருந்த ஒருவர்கூட அவர்கள் வழுக்கி விழுந்ததாக நம்பவில்லை. எழுதிய நிருபர் நம்பவில்லை. அச்சிட்ட பத்திரிகை நம்பவில்லை. சொன்ன போலீஸ்காரரே, மற்றவர்கள் நம்ப வேண்டும் என்று எதிர்பார்த்துச் சொல்லவில்லை. ஏமாற்றுவதற்காகச் சொல்லும் பொய்யில் குறைந்தபட்சம் ஒரு பயமாவது இருக்கும், மாட்டிக்கொள்வோமோ என்று. இதில் அதுவும் இல்லை. சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்து கண்ணடித்துக்கொள்ளும் பொய் இது. காவல் நிலையக் கழிப்பறைகளில் கைதிகள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா என்று சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வழக்கில் கேட்டது. அந்தக் கேள்வியும் மறுநாள் மீம் ஆனது.

சித்தப்பாவின் கேள்வி

அன்று இரவே சித்தப்பா போன் செய்தார். "ஏம்ப்பா, உனக்கு அவனுங்க மேல என்ன அவ்வளவு பாசம்? உங்க சித்தி கழுத்தைப் பாத்தேல்ல?" என்றார்.

பார்த்தேன். பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி நடந்து வந்த சித்தியின் தாலிச் செயினைப் பைக்கில் வந்த இருவர் இழுத்தார்கள். சித்தி கீழே விழுந்து முழங்கால் சிராய்த்து, கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோடு மறைந்து பல மாதங்கள் கழித்தும், பின்னால் பைக் சத்தம் கேட்டால் சித்தி சேலைத் தலைப்பைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அதனால் சித்தப்பாவின் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "மனித உரிமை பேசுறவனுங்க வீட்டுல திருடு போனாத்தான் தெரியும்" என்ற வழக்கமான வாதத்துக்கு எங்கள் வீட்டில் இடமே இல்லை, ஏனென்றால் திருடு போனதே எங்கள் வீட்டில்தான்.

ஆனால் அந்தச் செயின் விவகாரத்தில் நடந்தது என்ன என்பதையும் சித்தப்பாவுக்கு ஞாபகப்படுத்தினேன். ஸ்டேஷனில் முதலில் எஃப்.ஐ.ஆர். போடவில்லை. புகார் வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். ஐந்து பவுன் என்று எழுதிக் கொண்டுபோன மனுவைப் பார்த்துவிட்டு ரைட்டர், "மூணுன்னு போடுங்க சார், இல்லைன்னா மேல கேள்வி வரும்" என்றார். சித்தப்பா தெரிந்த ஒரு கட்சிக்காரரைப் பிடித்து அவர் ஒரு போன் போட்ட பிறகுதான் வழக்கு பதிவானது. பிறகு யாரோ இருவர் பிடிபட்டார்கள், கட்டோடு படம் வந்தது, சித்திக்கு அதைக் காட்டினார்கள். ஹெல்மெட் போட்டிருந்தவர்களை அவருக்கு எப்படி அடையாளம் தெரியும்? செயின் உருக்கப்பட்டுவிட்டது என்றார்கள். இன்றுவரை ஒரு குன்றிமணி தங்கம் திரும்பவில்லை. வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று சித்தப்பாவுக்குத் தெரியாது, யாரும் சொன்னதும் இல்லை.

"அவன் கையையாவது ஒடிச்சாங்களே, அதுவாவது நடந்துச்சே" என்றார்.

அந்த "அதுவாவது" எனக்குள் வெகு நாள் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பாவுக்குக் கிடைக்க வேண்டியவை எஃப்.ஐ.ஆர்., நகை, ஒரு தீர்ப்பு. இவை மூன்றுக்கும் பதிலாக அவர் கையில் கொடுக்கப்பட்டது ஒரு புகைப்படம். போலீஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதல், அதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதியைத் தவிர, நீதிமன்றத்தில் செல்லாது என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலேயே இருக்கிறது, புதிதாக வந்த சாட்சியச் சட்டத்திலும் இருக்கிறது. ஆகவே நகையே கிடைக்காத வழக்கில் உடைந்த கையால் நயா பைசா பிரயோசனம் கிடையாது. அது நமக்காக உடைக்கப்படுவது. "ஏதோ செஞ்சாங்கப்பா" என்ற திருப்தியை நமக்குத் தருவதற்காக. திருப்தி வந்துவிட்டால் நகை எங்கே, குற்றப்பத்திரிகை எங்கே என்று நாம் போய்க் கேட்க மாட்டோம். இப்படிப் பார்த்தால் அந்த மாவுக்கட்டு திருடனுக்கு மட்டும் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

செய்தி எப்படி வருகிறது

என் கல்லூரி நண்பன் ஒருவன் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபராக இருந்தான். சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லை. வெளியாகும் செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு, விளம்பரம் பிடித்தால் கமிஷன். அவனிடம் இந்தப் படத்தைக் காட்டி, "இதை எப்படிடா கூசாம எழுதுறீங்க?" என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை.

"மாவட்டத்துல நிருபர்களுக்குன்னு போலீஸே ஒரு வாட்ஸ்அப் குழு வச்சிருக்கும். பிரஸ் நோட்டும் போட்டோவும் அதுல வந்து விழும். அப்படியே எடுத்து ஆபீஸுக்குத் தள்ளிவிட்டா முடிஞ்சது வேலை. நீ போய், 'சார், வழுக்கி விழுந்தது எந்தத் தேதி, எத்தனை மணி, ஏ.ஆர். காப்பியில டாக்டர் என்ன எழுதியிருக்கார்'னு கேட்டுப் பாரு. அடுத்த நாள் குழுவுல நீ இருக்க மாட்ட. அப்புறம் ஊர்ல கொலையே நடந்தாலும் பக்கத்துப் பேப்பரைப் பாத்துத்தான் நீ தெரிஞ்சுக்கணும். ஆபீஸ்ல என்ன சொல்வாங்க? 'உனக்கு ஸ்டேஷன்ல தொடர்பு இல்லையாப்பா'ன்னு கேப்பாங்க."

ஏ.ஆர். என்பது விபத்து, அடிதடி போன்றவற்றில் காயம்பட்டு அரசு மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு எழுதப்படும் விபத்துப் பதிவேடு. எப்போது, எங்கே, எதனால் அடிபட்டது என்று வந்தவர் சொன்னதை மருத்துவர் எழுதுவார். பிறகு காயங்களை ஒவ்வொன்றாகக் குறிப்பார். விழுந்து உடைந்த எலும்புக்கும் அடித்து உடைத்த எலும்புக்கும் வித்தியாசம் சொல்லப் பல சமயங்களில் மருத்துவர்களால் முடியும். ஆனால் நோயாளியின் இருபுறமும் போலீஸ்காரர் நிற்கும்போது நோயாளி என்ன சொல்வார்? அதே போலீஸ்காரர் அதே ஜீப்பில்தான் அவரைத் திரும்பக் கூட்டிப்போகப்போகிறார். நீதிமன்றத்திலும் இதே நிலைமைதான். "போலீஸ் துன்புறுத்தினார்களா?" என்று ரிமாண்டுக்கு முன் மாஜிஸ்ட்ரேட் கேட்க வேண்டும். கையில் கட்டோடு நிற்கும் ஆள் "இல்லைங்கய்யா" என்று சொல்ல, அது பதிவாகிறது. பொய் இப்படி நான்கைந்து கையெழுத்துகளைத் தாண்டித்தான் நமக்குச் செய்தியாக வருகிறது. எஸ்.ஐ., மருத்துவர், மாஜிஸ்ட்ரேட், சிறை அதிகாரி, நிருபர். இவர்களில் யார் ஒருவர் நிறுத்தினாலும் அந்தப் பொய் அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலும் யாரும் நிறுத்துவதில்லை.

இந்த வரிசை அறுந்த ஒரு ஊர் நமக்குத் தெரியும்.

சாத்தான்குளத்தில் அறுந்தது எங்கே

போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த அப்பாவும் மகனுமான ஜெயராஜ், பென்னிக்ஸ் பற்றி இங்கே யாருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. 2020 ஜூன் 19, ஊரடங்கு நேரம், செல்போன் கடை, அப்பாவைத் தேடி ஸ்டேஷனுக்குப் போன மகன். நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அந்த எஃப்.ஐ.ஆர். பற்றித்தான். கடையை மூடச் சொன்னபோது தகராறு செய்து தரையில் உருண்டார்கள், அதில் உள்காயம் ஏற்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. கழிப்பறையில் வழுக்கி விழுந்த கதையின் அண்ணன் முறை இது. எழுதியவர்கள் புதிதாக எதையும் யோசிக்கவில்லை. இத்தனை நாளும் எது போதுமானதாக இருந்ததோ அதையே எழுதினார்கள். இது செல்லுபடியாகும் என்று அவர்கள் நம்பியதற்கு, அதுவரை சிரித்துவிட்டுக் கடந்துபோன நாம் எல்லோரும் காரணம்.

முதலில் அது செல்லுபடியும் ஆனது. சிறைக்கு அனுப்பும் உடல்நிலையில் இருக்கிறார்கள் என்ற தகுதிச் சான்று அரசு மருத்துவமனையில் கிடைத்தது. இரத்தம் நிற்காமல் லுங்கிகளை மாற்ற வேண்டியிருந்தது என்று குடும்பத்தார் சொன்ன அதே நேரத்தில் கிடைத்த சான்று அது. மாஜிஸ்ட்ரேட் ரிமாண்ட் செய்தார். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு இருவரும் கொண்டுபோகப்பட்டார்கள். ஜூன் 22 இரவு மகன் இறந்தார், விடிவதற்குள் அப்பாவும் இறந்தார். அன்றைய முதலமைச்சரின் அறிக்கை, ஒருவருக்கு மூச்சுத் திணறல், மற்றவருக்கு உடல்நலக் குறைவு என்ற ரீதியில் இருந்தது. ஆக, ஸ்டேஷனில் எழுதிய பொய்யின் மேல் கோட்டையிலிருந்தும் ஒரு கையெழுத்து விழுந்தது. பிறகு பக்கத்துக் கடை சிசிடிவி பதிவு வெளியே வந்தது. அதில் யாரும் தரையில் உருளவில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. கோவில்பட்டி மாஜிஸ்ட்ரேட் பாரதிதாசன் விசாரணைக்காக ஜூன் 28 அன்று சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குப் போனார். அவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையை அப்போதே பத்திரிகைகள் வெளியிட்டன. நாவலில் வந்தால் மிகை என்று சொல்லியிருப்பேன். கேட்ட பதிவேடுகள் வரவில்லை. சிசிடிவி வன்தட்டில் நிறைய இடம் இருந்தும், ஒவ்வொரு நாள் பதிவும் தானாக அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஏ.டி.எஸ்.பி.யும் டி.எஸ்.பி.யும் அங்கேயே நின்றிருக்க, ஒரு காவலர் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்து, உன்னால் ஒன்றும் கிழிக்க முடியாது என்ற பொருளில் ஒருமையில் பேசினார். லத்திகளைக் கொடுங்கள் என்று கேட்டபோது ஒருவர் சுவரேறிக் குதித்து ஓடினார். நீதிமன்றத்தின் பிரதிநிதி ஒரு காவல் நிலையத்துக்குள் நிற்கிறார், அங்கே அவருக்கு இருந்த அதிகாரம் அவ்வளவுதான்.

அந்த இடத்தில் ஒரு பெண் தலைமைக் காவலர் பேசினார். இரவு முழுக்க அடித்தார்கள், மேஜையிலும் லத்தியிலும் இரத்தக்கறை இருக்கிறது என்று சொன்னார். சொல்லும்போதே நடுங்கினார் என்று அறிக்கை சொல்கிறது. வெளியே மரத்தடியில் சக காவலர்கள் கூடி நின்றிருந்தார்கள். சொன்னதை எழுதி முடித்துக் கையெழுத்துக் கேட்டபோது அவர் தயங்கினார். பாதுகாப்புக்கு உறுதி கொடுத்து, வெகுநேரம் பேசிய பிறகே கையெழுத்துப் போட்டார்.

இந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக அவருடைய துணிச்சலைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அந்தத் தயக்கம்தான் முக்கியமாகப் படுகிறது. அவர் புரட்சி செய்யக் கிளம்பிய ஆள் இல்லை. அதே ஸ்டேஷனில் மறுநாளும் டியூட்டிக்கு வர வேண்டியவர், சம்பளம் வாங்க வேண்டியவர், குழந்தைகள் இருப்பவர். முந்தைய கையெழுத்துக்காரர்களுக்கு என்ன பயம் இருந்ததோ அதைவிட அதிகமான பயம் அவருக்கு இருந்தது. மருத்துவரும் ரிமாண்ட் செய்தவரும் அந்த ஸ்டேஷனில் வேலை பார்த்தவர்கள் இல்லை, இவர் பார்த்தார். வித்தியாசம் என்னவென்றால், இவர் எதிரில் உட்கார்ந்து கேட்டவர் உண்மையிலேயே பதிலை எதிர்பார்த்துக் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து போகாமல் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு உயர் நீதிமன்றம் இருந்தது, அது அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் விடச் சொல்லும் அளவுக்குத் தீவிரமாக இருந்தது. தனி மனிதர்களின் மனசாட்சியை நம்பி இருக்கலாம் என்று இதை வைத்து யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எத்தனையோ ஸ்டேஷன்களில் இப்படி ஒரு தலைமைக் காவலர் இருப்பார். கேட்க ஆள் வந்திருக்க மாட்டார்.

மதுரையில் அந்த வழக்கு ஐந்து வருடங்களைத் தாண்டி இழுத்தது. இவ்வளவு சாட்சியம், சி.பி.ஐ., ஊரே திரண்ட கோபம் எல்லாம் இருந்தும் அப்படி. இவை எதுவும் இல்லாத மாவுக்கட்டு இளைஞனை நினைத்துப் பாருங்கள்.

மேலே போகப் போக

சின்ன ஆட்களுக்குக் கைதானதும் கை உடைகிறது, பெரிய ஆட்களுக்கு நெஞ்சுவலி வருகிறது. இதையும் நாம் மீம் போட்டுச் சிரிக்கிறோம். ஸ்ட்ரெச்சரில் போகும் பிரமுகரின் படமும் மாவுக்கட்டுப் படமும் ஒரே பத்திரிகையில் வருகின்றன. நிருபருக்கு அங்கேயும் கேள்வி கிடையாது.

தூத்துக்குடியில் 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 13 பேர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதலமைச்சர் சொன்னார். அப்போதும் நாடு சிரித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்து, அவருக்கு உடனுக்குடன் தகவல் போய்க்கொண்டிருந்தது, அவர் சொன்னது சரியல்ல என்று எழுதியது. 17 போலீஸார் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரை செய்தது. 2022 அக்டோபரில் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆட்சி மாறியிருந்தது, அறிக்கை வந்திருந்தது, அவ்வளவுதான் மாறியிருந்தது.

ஆட்சி என்றதும் இன்னொன்று. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் சொன்னது. மாநில அளவில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் என்பது அதன் எண்ணம். தமிழ்நாடு 2013-இல் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாநில அமைப்புக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர் டி.ஜி.பி. மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். அதாவது உங்களை அடித்த எஸ்.ஐ. மீது புகார் கொடுத்தால், விசாரிக்கும் மேஜையில் அவருடைய எஸ்.பி. உட்கார்ந்திருப்பார். இரண்டு பெரிய கட்சிகளும் எதிர்க்கட்சியாக இருக்கும்போது லாக்கப் மரணத்தைப் பற்றி உருக்கமாகப் பேசுவார்கள். இந்தச் சட்டத்தைத் திருத்துவேன் என்று அந்த உருக்கத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

2023-இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக் கைதிகளின் பற்களைப் பிடுங்கியதாக ஒரு ஐ.பி.எஸ். அதிகாரி மீது புகார் வந்தது. சார் ஆட்சியர் விசாரணைக்கு வந்த ஒருவர், கீழே விழுந்ததில் பல் உடைந்தது என்றார். அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை என்பதைக் கவனித்தேன். பல் என்றால் வலிக்கிறது, கை என்றால் வலிக்கவில்லை போலிருக்கிறது.

அப்புறம் 2025 ஜூனில் திருப்புவனம். மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார். காரில் இருந்த நகை காணாமல் போனதாக ஒரு புகார். எஃப்.ஐ.ஆர்.கூட இல்லாமல் போலீஸ் தனிப்படை வந்து விசாரணையை எடுத்துக்கொண்டது. காவலில் அவர் இறந்தார். உடற்கூறாய்வில் 44 காயங்கள். இங்கே பொய் எடுபடாமல் போனதற்குக் காரணம், கோயிலில் வேலை பார்த்த ஒருவர் மறைவிலிருந்து செல்போனில் எடுத்த சில விநாடி வீடியோ. அது இல்லையென்றால் வலிப்பு என்றோ தப்பி ஓடும்போது விழுந்தார் என்றோ செய்தி முடிந்திருக்கும். முதலமைச்சர் அந்தத் தாயிடம் போனில் வருத்தம் தெரிவித்தார், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது, டி.எஸ்.பி. சஸ்பெண்ட் ஆனார். தனிப்படையை இவ்வளவு வேகமாக அனுப்பச் சொன்னது யார் என்ற கேள்வியைச் சில நாட்கள் தொலைக்காட்சிகள் கேட்டன. பிறகு அந்தக் கேள்வியே காணாமல் போனது. ஐந்து பவுன் தாலிக்கு எஃப்.ஐ.ஆர். வாங்கவே கட்சிக்காரர் தேவைப்பட்ட எங்கள் சித்தப்பாவுக்கு, சில மணி நேரத்தில் ஒரு தனிப்படையே புறப்பட எப்படிப்பட்ட போன் போயிருக்க வேண்டும் என்பது நன்றாகவே தெரியும். அன்று குழுவில் அவர் எழுதியது: "இந்தப் பையன் பாவம்." நான் வாதாடவில்லை. எந்தப் பையன் பாவம், எந்தப் பையன் இல்லை என்பதை ஸ்டேஷனுக்குள் முடிவு செய்யும் வேலையை யாரிடம் விட்டிருக்கிறோம் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஒரு மனு

அந்தப் படத்துக்கு அப்புறம் நான் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு மனுப் போட்டேன். குறிப்பிட்ட காலத்தில் காவலில் இருந்தபோது கழிப்பறையில் விழுந்தோ, தப்பி ஓட முயன்றோ எலும்பு முறிந்தவர்கள் எத்தனை பேர், அதே காலத்தில் அதே கழிப்பறைகளில் விழுந்து எலும்பு முறிந்த காவலர்கள் எத்தனை பேர், வழுக்கும் தரையைச் சரிசெய்ய எவ்வளவு செலவழிக்கப்பட்டது என்று கேட்டிருந்தேன். மூன்றாவது கேள்வியைக் கிண்டல் என்று நினைப்பீர்கள். வருடக்கணக்காக ஆட்கள் விழுந்து கை உடையும் ஒரு அரசுக் கட்டடத்தைப் பொதுப்பணித் துறை பார்க்க வேண்டாமா? தாங்கள் சொல்வதைத் தாங்களே நம்பினால் இதற்குப் பதில் இருக்க வேண்டும்.

பதில் வந்தது. "தாங்கள் கோரிய தகவல் தனியாகத் தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை." மேல்முறையீட்டிலும் அதே வாசகம்தான், கையெழுத்து மட்டும் வேறு. நிருபர் நண்பனிடம் காட்டினேன். "போலீஸ்கிட்ட ஏன்டா கேக்குற? கட்டுப் போட்டது ஆஸ்பத்திரி. போலீஸ் கூட்டிட்டு வந்த கேஸுன்னா ஏ.ஆர். பதிவேட்டுல அதையும் எழுதியிருப்பாங்க. பேர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் குடுங்கன்னு அங்க கேளு" என்றான். வேலையை விட்டுவிட்டு இப்போது மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறான், கேள்விகள் மட்டும் இன்னும் சரியாக வருகின்றன. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு இரண்டாவது மனுவை அவன் கடையில்தான் டைப் செய்தோம். சித்தியின் வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா என்று கேட்டு ஸ்டேஷனுக்கு இன்னொரு மனுவும் தயார். அதில் சித்தப்பா கையெழுத்துப் போட வேண்டும். "எதுக்குப்பா வம்பு, நாளைக்கு நாமளும் அந்த ஸ்டேஷனுக்குத்தானே போகணும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.